செலவு உண்ணும் கூலி

'செலவு' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. 'செல்' என்னும் வினையடியாகப் பிறந்த அச்சொல் முதற்கண் வழிச்செல்லுதலையே குறித்தது. பொருள்தேடப் புறப்பட்ட தலைமகன், தலைமகளின் முகவாட்டங் கண்டு தன் புறப்பாட்டைச் சிலநாள் தள்ளிவைத்தலைச் 'செலவழுங்குதல்' என அகப்பொருள் நூலார் ஒரு துறையாகவே வகுத்து வைத்தனர். கைப்பொருள் கையை விட்டுச் செல்வதும் செலவெனப்பட்டது பின்னர் நேர்ந்த பொருள்விரிவு. வழிச்செல்வார்க்குப் பொருளும் செல்லும் என்னும் பட்டறிவே இவ்விரு பொருளையும் ஒரு சொல்லுள் கொண்டுவந்து சேர்த்தது போலும்!

அக்காலத் தலைமகன் ஒருமுறை பிரிந்தான்; பாலை கடந்தான்; ஈட்டிய பொருளொடு மீண்டான். இக்காலத் தமிழ் உழைப்பாளனோ நாள்தோறும் பிரிகிறான், நாள்தோறும் மீள்கிறான், ஈட்டிய பொருளில் ஒரு கூறு அவ்வழியிலேயே உதிர்ந்து போகிறது. அவனுக்குச் செலவழுங்குதற்கும் இடமில்லை. ஒருநாள் அழுங்கின் ஒருநாட் கூலி போயிற்று.

உழைப்புக்குப் பெறுவது கூலி. இருக்கும் வீட்டுக்குத் தருவது குடிக்கூலி. ஏறும் ஊர்திக்குத் தருவது வண்டிக்கூலி. பெறுங்கூலி ஒன்று, தருங்கூலி இரண்டு. எங்கே குடியிருப்பது, எதில் ஏறிச் செல்வது, எந்த வேலையை ஏற்பது என்னும் மூன்று வினாக்களும் ஏழை உழைப்பாளனுக்குத் தனித்தனி வினாக்களல்ல. குடிக்கூலி குறைய வேண்டுமாயின் நகரத்தை விட்டு விலக வேண்டும். விலகினால் வண்டிக்கூலி ஏறும். வண்டிக்கூலியைத் தவிர்க்க வேண்டுமாயின் கால்நடையாகவோ மிதிவண்டியிலோ எட்டும் எல்லைக்குள் வேலை தேட வேண்டும். அவ்வெல்லைக்குள் கிடைக்கும் வேலைக்கோ கூலி குறைவு. கூலி குறைந்தால் மீண்டும் குடிக்கூலி முட்டும். செக்குமாடு சுற்றிவரும் வட்டம் இது.

இவ்வட்டத்துக்குள் நின்றுகொண்டு அவன் செய்யும் முடிவைத்தான் ஆட்சியாளரின் அறிக்கைகள் 'விருப்பத் தேர்வு' என்று எழுதுகின்றன. இத்தனை விழுக்காட்டினர் பேருந்தைத் தேர்ந்தனர், இத்தனை விழுக்காட்டினர் நடப்பதைத் தேர்ந்தனர் என்று கட்டம் போட்டுக் காட்டுகின்றன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, உழவும் வீட்டுத்தொழிலும் அல்லாத பிற வேலை செய்வோர் பணியிடத்துக்கு எவ்வாறு செல்கின்றனர் எனக் கேட்டுப் பதிந்தது. இந்திய ஒன்றியம் முழுமைக்குமான அக்கணக்கில், நடந்தும் மிதிவண்டியிலும் செல்வோர் மூன்றிலொரு பங்குக்கு மேல். மகிழுந்தில் செல்வோர் நூற்றுக்கு மூவருக்குங் குறைவு. நடப்பவர் எல்லாரும் நடையை விரும்பித் தேர்ந்தவர் என்றால், பட்டினி கிடப்பவர் எல்லாரும் நோன்பைத் தேர்ந்தவர் என்றே சொல்ல வேண்டும். அந்த மூவருக்காக மேம்பாலங்கள் எழுகின்றன. மூன்றிலொரு பங்கினர்க்கு உரிய நடைபாதையோ, கடைப்பலகையும் மின்கம்பமும் மூடாத சாக்கடையும் போக எஞ்சிய இடத்தில் இருந்தால் உண்டு.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எட்டுமணி நேர வேலைக்கு ஒருவனுக்கு நாட்கூலி 500 உருபா எனக் கொள்க. மணிக்கு 62 உருபா 50 காசு. அவன் போக வர இரு பேருந்தும் ஒரு பகிர்தானியும் ஏறி நாளொன்றுக்கு 60 உருபா வண்டிக்கூலி தருகிறான். வழியில் மூன்று மணி நேரம் கழிகிறது. இப்போது அவன் கையில் நிற்பது 440 உருபா. அவன் அதற்காகக் கொடுத்தது எட்டுமணியன்று, பதினொரு மணி. மணிக்கு 40 உருபா ஆகிறது. ஊதியப் பட்டியலில் 62 உருபா 50 காசாக இருந்த ஒருமணி உழைப்பு வீட்டு வாயிற்படிக்கு வரும்போது 40 உருபாவாகச் சுருங்கிவிடுகிறது. முதலாளி குறைக்கவில்லை, வரி என்று எவரும் பிடிக்கவில்லை, ஆயினும் மூன்றிலொரு பங்குக்கு மேல் போய்விட்டது. இதே கணக்கை அலுவலகத்துக்கு அருகிலேயே வீடும், நிறுவனத்தின் மகிழுந்தும் உடைய உயரலுவலர்க்குப் போட்டால், பட்டியலில் உள்ள ஊதியம் ஏறத்தாழ அப்படியே வீட்டுக்கு வந்து சேரும். ஊதிய ஏற்றத்தாழ்வைப் பேசுவோர் ஊதியப் பட்டியலோடு நின்றுவிடுவதால் பாதி ஏற்றத்தாழ்வு அவர் கண்ணில் படுவதேயில்லை.

இந்நிலை என்றும் இவ்வாறே இருந்ததன்று. பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் ஓட்டேரியிலும் வாழ்ந்த பழைய ஆலைத் தொழிலாளர், ஆலைச் சங்கொலி கேட்டு நடந்து போய் நடந்து வந்தவர். வெள்ளையன் நடத்திய ஆலையில் கொடுமை மிக உண்டு; 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தமே அதற்குச் சான்று. ஆயினும் வேலைக்கும் வீட்டுக்கும் இடையே இருபது கிலோமீட்டர் என்னும் கொடுமை இல்லை. பின்னர் எழுந்த நெய்வேலியிலும் திருவெறும்பூரிலும் பெரம்பூர்த் தொடர்வண்டிப்பெட்டித் தொழிற்சாலையிலும் ஆலையோடு சேர்ந்தே தொழிலாளர் குடியிருப்பும் எழுந்தது. ஆலை கட்டுவோன் ஆளுக்கு வீடும் கட்ட வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்தே ஓரளவு இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் முறை பரவப் பரவ அவ்வெண்ணம் மறைந்தது. நிலையான வேலையே இல்லாதவனுக்கு நிலையான வீடு எதற்கு என்பது முதலாளியின் கணக்கு.

1970இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தன் முதற்காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குவீடு கட்டித் தந்தது. அவ்வீடுகள் சிறியன, பல இடிந்தும் போயின. எனினும் அவற்றில் வாழ்ந்தோர் வேலையிழக்கவில்லை. 2000ஆம் ஆண்டு முதற்கொண்டு முறை மாறிற்று. கூவக்கரையினின்றும் பிற நீர்நிலைக் கரைகளினின்றும் கண்ணகி நகருக்கும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரிக்கும், 2015ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கத்துக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கொண்டுபோய் இறக்கப்பட்டன. கல்வீடு கிடைத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அக்குடும்பத்துப் பெண்கள் வீட்டுவேலை செய்த மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும், ஆண்கள் சுமை தூக்கிய பாரிமுனையும் கொத்தவால்சாவடியும் பதினைந்து, இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் அப்பால் நின்றுவிட்டன. முன்பு விடியலில் ஒரு வீட்டிலும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இன்னொரு வீட்டிலும், மாலையில் மூன்றாவது வீட்டிலும் வேலை செய்த பெண், இப்போது ஒரு வீட்டோடு நிற்க வேண்டியவளானாள். எஞ்சிய இரண்டு வீட்டு ஊதியம் பேருந்துச் சன்னலுக்கு வெளியே போயிற்று. இடம்பெயர்த்தோர்க்குத் தொடக்கத்தில் சிறுதொகை உதவியாகத் தரப்படுவதுண்டு. அத்தொகை சில திங்களில் முடியும். வண்டிக்கூலி வாழ்நாள் முழுவதும் வரும்.

இங்கே ஒரு பழைய செய்தியை நினைவுபடுத்துதல் தகும். இலண்டனில் ஒரு தொடர்வண்டி நிறுவனம் தன் நிலையத்துக்காக ஏழைகளின் வீடுகளை இடிக்க முற்பட்டபோது, 1864ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கட்டுப்பாட்டை விதித்தது: இடிக்கப்படும் உழைப்பாளர் புறநகர் சென்று வாழ்ந்து நகருக்கு வேலைக்கு வந்து மீளுமாறு, போகவர இரண்டே பென்னிக் கட்டணத்தில் அந்நிறுவனம் வண்டி விட வேண்டும் என்று. 1883இல் அவ்வேற்பாடு உழைப்பாளர் வண்டிகளுக்கான பொதுச் சட்டமாகவே விரிந்தது. முதலாளியத்தின் தாய்நாட்டில், முதலாளிகளே நிறைந்திருந்த மன்றம் செய்த சட்டம் அது. அன்பினால் செய்ததன்று. உழைப்பாளன் வந்து சேராவிடில் ஆலை ஓடாது என்னும் அறிவினால் செய்தது. வீட்டை இடித்தவனே வண்டியும் விட வேண்டும் என்னும் அவ்வளவு எளிய முறை, தமிழனே தமிழனை ஆளும் இந்நாட்டில் நூற்றைம்பது ஆண்டுக்குப் பின்னும் சட்டமாகவில்லை.

தமிழ்நாட்டரசு செய்த நன்மையையும் சொல்லத்தான் வேண்டும். தனியார் பேருந்துகளை நாட்டுடைமையாக்கி, 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் எனத் தமிழ்வேந்தர் பெயரால் கழகங்கள் அமைக்கப்பட்டமை பெருஞ்செயல். சிற்றூர்ப் பிள்ளை நகரத்துக் கல்லூரிக்கும், சிற்றூர் உழைப்பாளன் நகரத்து ஆலைக்கும் சென்று மீள வழிதிறந்தவை அப்பேருந்துகளே. பிற மாநிலங்களில் வேலை தேடுவோன் ஊரைவிட்டே பெயர வேண்டியிருந்தபோது, தமிழ்நாட்டில் பலர் ஊரிலிருந்தே வேலைக்குச் சென்றுவந்தமைக்கு இதுவும் ஒரு கரணியம். (1997இல், சாதிப்பூசலைச் சாக்கிட்டு அப்பெயர்கள் யாவும் நீக்கப்பட்டன. வேந்தர் பெயர் நீங்கியதற்கு வருந்தியவர் பலர். வேந்தர் பெயரை நீக்கியும் சாதி நீங்கவில்லை என்பதற்கு வருந்தியவர் சிலரே.)

2021 மே திங்களில், பொதுக்கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாம் என அரசாணை பிறந்தது. மாநிலத் திட்டக்குழு செய்த ஆய்வின்படி, இதனால் ஒரு பெண்ணுக்குத் திங்கள்தோறும் சேமிப்பாவது ஏறத்தாழ 888 உருபா. திங்களுக்கு ஏழாயிரம், எட்டாயிரம் ஈட்டும் துப்புரவுப் பணிப்பெண்ணுக்கு இது எந்த முதலாளியும் ஒரே நாளில் தந்திராத ஊதிய உயர்வு. சேமிப்பு ஒரு பங்கே; அதனினும் பெரிது எல்லை விரிந்தது. முன்பு நான்கு தெருவுக்கு அப்பாலுள்ள கடையில், வண்டிக்கூலி மிச்சமாகட்டும் என்று குறைந்த ஊதியத்துக்கு நின்றவள், இப்போது பத்து கிலோமீட்டர் சென்று கூடுதல் ஊதியமுள்ள வேலையைக் கேட்கவியலும். கேட்கவியலும் என்பதே அருகிலுள்ள கடைக்காரனையும் சற்று அஞ்சவைக்கும். வண்டிக்கூலி குறைந்தால் கூலி ஏறும் என்பதன் உட்பொருள் இதுதான்.

இதனை 'ஓசி' என்று ஏளனம் செய்தோர் உண்டு. அவ்வாறு பேசியோரில் பலர் அரசு மகிழுந்தில் செல்வோர் என்பதைப் பேருந்திலிருந்த பெண்கள் கண்டுகொள்ளாமல் இல்லை. மேலும், மாத ஊதியம் பெறும் அலுவலர் தம் போக்குவரத்துப் படிக்கு, திங்களுக்கு முதலில் 800 உருபாவும், 2015 முதல் 1600 உருபாவும் வருவாய்வரி விலக்குப் பெற்று வந்தனர்; 2018இல் அது பொதுக்கழிவாக மாற்றப்பட்டது. அலுவலர் வழிச்செலவுக்கு அரசு விட்டுக்கொடுத்தது சலுகையென்றோ இரப்பென்றோ எவராலும் பேசப்படவில்லை. கூடைக்காரி ஏறியபோதுதான் அது பேச்சாயிற்று.

ஆயினும் இத்திட்டத்தின் குறையையும் மறைத்தல் தகாது. கட்டணமில்லாப் பேருந்து குறைவு. கட்டணப் பேருந்து மிகுதி. சொகுசுப் பேருந்து மூன்று வந்து போகும். பொதுக்கட்டணப் பேருந்து வரும்வரை அவள் நிற்பாள். காசில்லாதவர் காலத்தால் கட்டணம் கட்டுகின்றனர் என்பது இதனால் விளங்கும். வேலைக்குக் கால்மணி தாழ்ந்தால் அரைநாட் கூலி வெட்டுவோன் அரசுப் பேருந்தின் தாழ்ச்சியை ஏற்கமாட்டான். அவள் கணவனுக்கோ மகனுக்கோ கட்டணம் உண்டு. இரவுப்பணி முடிந்து மீள்வோர்க்குப் பேருந்து அரிது.

பேருந்துக் கட்டண உயர்வைப் 'போக்குவரத்துச் செய்தி' என்று நாளிதழ்கள் உள்பக்கத்தில் இடுகின்றன. அது கூலிச்செய்தி. 2018 சனவரியில் ஒரே இரவில் கட்டணங்கள் உயர்த்தப்பட்டபோது, நகரப் பேருந்தின் குறைந்த கட்டணம் 3 உருபாவிலிருந்து 5 உருபாவாயிற்று. மாணவர் தெருவுக்கு வந்து போராடிய பின்னர் சிறிதே குறைத்தனர். அவ்வுயர்வால் எத்தனை ஆயிரம் உழைப்பாளர் கூலி ஒரே இரவில் வெட்டுண்டது என்று எந்தத் தொழிற்சங்கமும் கணக்கெடுத்து முதலாளியிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பேருந்தை விட்டு நீங்கியோர் மின்தொடர்வண்டியின் படிக்கட்டில் தொங்கினர். கையில் சிறிது முன்பணம் உடையோர் தவணையில் ஈருருளி வாங்கினர்.

ஈருருளியை வளமையின் அடையாளமென்று கொள்வது நகரத்தார் வழக்கம். கட்டடவேலைக்குச் செல்லும் தச்சனும் வண்ணமடிப்பவனும் நாளுக்கொரு திசையில் வேலை செய்பவர். எட்டுமணிக்குக் கருவிப்பையோடு நிற்காவிடில் வேறொருவனுக்கு வேலை போகும். பேருந்து அவனுக்குப் பயன்படாமையால் ஈருருளி வாங்குகிறானேயன்றிச் செல்வச் செருக்கினால் அன்று. வாங்கியபின் தவணையும் வட்டியும் ஒருபுறம்; பெட்ரோல் எனப்படும் கன்னெய் மறுபுறம்.

இக்கன்னெயில்தான் தில்லியின் கை தெளிவாகத் தெரிகிறது. 2021ஆம் ஆண்டில் கன்னெய் விலை லிட்டருக்கு நூறு உருபாவைக் கடந்தது. அவ்வாண்டு பிப்பிரவரி நிலையில் நடுவணரசு லிட்டருக்குப் பெற்ற தீர்வை 32 உருபா 90 காசு. அதில் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய அடிப்படைத் தீர்வை 1 உருபா 40 காசு மட்டுமே. எஞ்சிய 31 உருபா 50 காசும் மேல்வரி, கூடுதல் தீர்வை என்னும் பெயர்களில், பகிரவேண்டாத பெட்டிக்குள் போயிற்று. அடையாற்றுச் சாலையில் ஈருருளியில் செல்லும் தமிழ்த் தச்சன் ஊற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் தில்லிக்கு இத்தனை கட்டினான். அதில் ஒரு சிறு துளியே தமிழ்நாட்டுப் பேருந்துக்குத் திரும்பவியன்றது. அதே ஆண்டு ஆகத்தில் தமிழ்நாட்டரசு தன் வரியில் 3 உருபா குறைத்தது. நடுவணரசு அதன்பின் இருமுறை தீர்வையைச் சிறிது குறைத்ததுண்டு. பெட்டியின் பூட்டு மட்டும் மாறவில்லை.

சென்னை மெட்ரோ இரண்டாங் கட்டத்தின் செய்தியும் இதனோடு ஒக்கும். 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி உருபா மதிப்பீடு. 2020 நவம்பரில் நடுவண் உள்துறை அமைச்சரே வந்து கால்கோள் செய்தார். நடுவண் அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2024 அத்தோபரில். அடிக்கல்லுக்கும் ஒப்புதலுக்கும் இடையே நான்காண்டு! அந்நான்காண்டும் பளுவைத் தமிழ்நாடே சுமந்தது. சென்னையிலிருந்து தில்லிக்குச் செல்லும் வரி எந்நாளும் நான்காண்டு தாழ்ந்து சென்றதில்லை.

தொடர்வண்டித்துறை தில்லியின் முழுவுடைமை. அத்துறை 2009இல் ஏழை உழைப்பாளர்க்கென 25 உருபாத் திங்கட்சீட்டு ஒன்றை அறிவித்தது. நூறு கிலோமீட்டர் வரை செல்லலாம் என்றது. அதற்கிட்ட பெயர் 'இச்சத்து'. மானம் என்று அவர்கள் மொழியில் பொருளாம். பெயர் விளங்காதது ஒருபுறமிருக்க, விதியைப் பாருங்கள்: திங்கள் வருவாய் 1500 உருபாவுக்கு மேற்படாதவர்க்கே அச்சீட்டு, அதற்கும் நாடாளுமன்ற உறுப்பினரோ உயரலுவலரோ சான்று தர வேண்டியிருந்தது. நாளுக்கு ஐம்பது உருபா. முப்பது நாளும் வேலைக்குச் சென்று ஐம்பது உருபாவே பெறுகின்றவன், சான்றுக்காக இரண்டு நாள் வேலையை விட்டு அலைந்தால் நூறு உருபா இழப்பான். ஏழைமையை மெய்ப்பிக்க ஏழையே பொருள்செலவிட வேண்டிய இந்த ஏற்பாட்டுக்கு மானம் என்று பெயரிட்டவர்க்கு எள்ளல் உணர்வு மிகுதி போலும்.

முதலாளி தானே வண்டி விட்டால் என்ன என்று கேட்கலாம். விடுகின்றனர். திருப்பூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் விடியுமுன் ஆடையாலைகளின் வண்டிகள் வந்து நிற்கின்றன. காஞ்சிபுரம், இராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டச் சிற்றூர்களினின்று ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிலகங்களுக்கு ஒப்பந்தப் பேருந்துகள் அள்ளிச் செல்கின்றன. வண்டிக்கூலி இல்லை, உண்மையே. ஆனால் முதலாளியின் வண்டி முதலாளியின் மணிக்கே புறப்படும். மிகைநேர வேலை என்றால், வேலை முடியும்வரை வண்டி நிற்கும்; வண்டி நிற்கும்வரை பெண்ணும் நிற்பாள். சங்கக் கூட்டத்துக்கு ஒருமணி நேரம் தங்கினால் வண்டி போய்விடும். ஊருக்கு வேறு வழியில்லை. நல்ல ஊதியமுள்ள வேறு ஆலை நான்கு கிலோமீட்டரில் இருந்தாலும், அந்த ஆலையின் வண்டி அவள் ஊருக்கு வாராது. முன்னொரு காலத்தில் சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளின் வண்டிகள், விடியுமுன் சிற்றூர்ப் பிள்ளைகளைத் தூக்கக் கலக்கத்தோடு ஏற்றிச்சென்ற கொடுமையைத் தமிழ்நாடு மறந்திராது. அப்போதும் வண்டி கட்டணமின்றித்தான் வந்தது.

வண்டியும் வேண்டாம், ஆலையருகே விடுதியில் தங்கட்டும் என்பது அடுத்த ஏற்பாடு. அத்தகைய தனியார் விடுதி ஒன்றின் உணவு நஞ்சாகி, 2021 திசம்பரில் பெண்தொழிலாளர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடிய பின்னரே நாட்டின் கண் திறந்தது. தமிழ்நாட்டரசு பின்னர் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குமாறு 706 கோடியே 50 இலக்கம் உருபாவில் விடுதி கட்டி, 2024 ஆகத்தில் திறந்தது. நல்ல கட்டடமே. ஆயினும் விடுதி மணமாகாத இளம்பெண்ணுக்கே பொருந்தும். அவள் குடும்பத்தோடு வாழ்ந்து வேலை செய்ய வேண்டுமாயின் வீடும் பேருந்தும் வேண்டும். விடுதி அதற்கு விடையாகாது.

இனி, இச்சிக்கலின் ஆணிவேருக்கு வருவோம். குறைந்த கூலி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு 1957ஆம் ஆண்டு இந்தியத் தொழிலாளர் மாநாடு ஓர் அளவுகோல் வகுத்தது. உழைப்பாளன் குடும்பத்தை மூன்று நுகர்வலகாகக் கொள்க. ஓர் அலகுக்கு 2700 கலோரி உணவு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெசம் துணி. அரசின் தொழிலாளர் வீட்டுத்திட்ட அளவிலான குடிக்கூலி. எரிபொருள், விளக்கு, பிற சில்லறைச் செலவுகளுக்கு இருபது விழுக்காடு. 1991இல் உச்ச அறமன்றம் பிள்ளைகள் கல்வி, மருத்துவம், முதுமை முதலியவற்றுக்கென மேலும் இருபத்தைந்து விழுக்காட்டைச் சேர்த்தது. துணியைக் கெசக்கணக்கில் எண்ணிய அம்மாநாடு வண்டிக்கூலியை எண்ணவில்லை. அது கவனக்குறைவன்று. தொழிலாளர் வீட்டுத்திட்டக் குடிக்கூலி என்று எழுதும்போதே, உழைப்பாளன் ஆலையருகே குடியிருப்பான் என்று அது கொண்டுவிட்டது. அவ்வீட்டுத்திட்டம் எங்கே போயிற்று என்பதை எவரும் அறிவர். வீடு போயிற்று, தொலைவு வந்தது, அளவுகோல் மட்டும் அப்படியே நின்றது. இருபது கிலோமீட்டர் தொலைவு இன்றளவும் 'பிற சில்லறைச் செலவு' என்னும் சொல்லுக்குள் மடிந்து கிடக்கிறது.

வழிச்செலவு வேலையின் ஒரு கூறே என்பதைச் சட்டமும் ஓரிடத்தில் ஒப்பியிருக்கிறது. தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தம், வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடையே செல்லும்போது உழைப்பாளனுக்கு நேரும் காயத்தை, வேலையோடு தொடர்பு இருப்பின், வேலையில் நேர்ந்த காயமாகவே கொள்ளச் செய்தது. வழியில் கால் முறிந்தால் அது வேலை. கால் முறியாமல் ஒழுங்காகச் சென்று சேர்ந்தால் அது அவன் தன்பாடு! இம்முரண்பாட்டை எந்தச் சங்கமும் பேரவையில் எழுப்பச் செய்யவில்லை.

பிரான்சு நாட்டில், பாரிசு வட்டாரத்து முதலாளிகள் ஒன்பதின்மருக்கு மேல் ஆள் வைத்திருந்தால், தாம் தரும் ஊதியத்தொகையின்மேல் ஒரு குறிப்பிட்ட பங்கைப் பொதுப்போக்குவரத்துக்குக் கட்ட வேண்டும் என்று 1971இலேயே சட்டம் வந்தது. பேருந்தில் ஏறுவோன் உழைப்பாளன். அவன் வந்து சேர்வதால் பயனடைவோன் முதலாளி. ஆகலின் இருவரும் சேர்ந்தே வண்டியை ஓட்டுக என்பது அதன் கருத்து. ஒரகடத்திலும் சிறுசேரியிலும் நிலமும் நீரும் மின்சாரமும் வரிச்சலுகையும் பெற்றுக்கொண்டோர், தம்மிடம் வேலைக்கு வருவோர் ஏறும் பேருந்துக்கு ஒருகாசும் கட்டாமலிருப்பதைக் கேட்பார் இல்லை.

கேட்க வேண்டியவருள் தனித்தமிழ் இயக்கத்தாரும் ஒருசாரார். 'பஸ்' என்பதைப் 'பேருந்து' ஆக்கியபோது நகைத்தோர் எத்தனையோ பேர். இன்று படிக்காத கிழவியும் பேருந்து நிலையம் என்கிறாள். அவ்வெற்றி சிறிதன்று. ஆனால் பெயர்ப்பலகையைத் திருத்திய கை, பலகைக்குக் கீழே நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்ததா என்னும் வினா நேர்மையானது. பெரும்பாக்கத்து அடுக்குவீட்டுப் பெண்ணுக்கு இயக்கத்தின் இதழ் எட்டாமல் போனதற்கு, அவள் இரவு ஒன்பது மணிக்கு வீடு சேர்வதும் ஒரு கரணியம். படிக்கும் ஒருமணி நேரத்தையும் வழி உண்டுவிட்டது.

ஊர்தோறும் உள்ள மன்றத்தார் தத்தம் பகுதி உழைப்பாளரிடம் நான்கே செய்தி கேட்டு ஏட்டில் பதியலாம்: பெறுங்கூலி எவ்வளவு, குடிக்கூலி எவ்வளவு, வண்டிக்கூலி எவ்வளவு, வழியில் கழியும் மணி எத்தனை. பத்துப்பேர் கணக்கு ஒரு பக்கத்தில் அடங்கும். தமிழ்நாட்டரசு ஒவ்வொரு தொழிலுக்கும் குறைந்த கூலியைத் திருத்தும்போது வரைவை வெளியிட்டு, அதன்மேல் கருத்துரை சொல்லக் காலமும் தருகிறது. முதலாளிகளின் கருத்துரை தவறாமல் போய்ச் சேர்கிறது. அடுத்த திருத்தத்தின்போது, தமிழில் எழுதிய அவ்வேடுகளும் அதனோடு செல்லட்டும். உணவு, உடை, குடிக்கூலி என்னும் வரிசையில் நான்காவதாக வண்டிக்கூலி என்று ஒரு வரி சேர்க்கும்படி கேட்கட்டும்.